நீரிழிவும் பாதப் புண்ணும்: கைவைத்தியம் எதுவரை?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கணக்கோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். ஜும்ஆவுக்குப் பின் துண்டை விரித்து மருத்துவ உதவி திரட்டுவது எந்த ஜமாஅத்திலும் உள்ள வழக்கமே. ‘சர்க்கரையால் காலை எடுத்துவிட்டார்கள், குடும்பத்திற்கு வேறு வருமானம் இல்லை’ என்ற அறிவிப்பைக் கேட்டு நாம் மனமிரங்கிக் கொடுக்கிறோம். கொடுப்பது நன்மையே. ஆயினும் கால் போன பிறகு நாம் கொடுக்கும் தொகையில் மிகச் சிறிய பங்கைக் கால் இருக்கும்போதே செலவிட்டிருந்தால், அந்தக் காலையே காத்திருக்கலாம். இதைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே இது ‘பணக்கார வியாதி’ என்று ஒதுக்கத்தக்கதன்று. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவரேனும் மாத்திரை உட்கொள்வதை நாமே காண்கிறோம். நீரிழிவினால் கால் இழப்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு அதற்கு முன்னர் பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதாவது, கால் ஒரே நாளில் போவதில்லை. ஒரு கொப்புளமாகவோ, ஒரு வெடிப்பாகவோ, முள் தைத்த ஒரு புள்ளியாகவோ அது தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

வலி என்னும் காவலாளி

நீரிழிவு நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்தில் மூன்று கேடுகள் விளைகின்றன. முதலாவது, நரம்புகள் பழுதுபட்டு உணர்ச்சி குறைகிறது. இரண்டாவது, இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பாதத்திற்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. மூன்றாவது, சர்க்கரை மிகுந்த உடலில் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. இவற்றுடன் பாதத்தில் வியர்வை சுரப்பதும் குறைவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பே கிருமிகளுக்கு வாசலாகிறது.

இவற்றுள் நம்மை ஏமாற்றுவது முதலாவதே. ‘புண் இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை; அதனால் பயப்பட ஒன்றுமில்லை’ என்று நம் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. நீரிழிவு உள்ளவருக்கு வலிக்காத புண்ணே அஞ்சத்தக்க புண்.

இந்த உண்மையை உலகிற்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளரின் கைகால் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவதையும், செருப்பினுள் ஆணி குத்தியபடியே நடப்பதையும், இரவில் உறங்கும்போது எலி கடிப்பதைக்கூட உணராமல் கிடப்பதையும் கண்டறிந்தார். சதை தானாக அழுகவில்லை. வலி என்னும் காவலாளி இல்லாததால் காயம் மேல் காயம் பட்டு அது அழிகிறது என்பதே அவர் கண்ட முடிவு. பின்னர் 1966ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அதே பாடம் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பொருந்துவதை எடுத்துரைத்தார். இன்று நீரிழிவு உள்ளோருக்கென விற்கப்படும் மென்மையான எம்.சி.ஆர். இரப்பர் செருப்பு, தொழுநோயாளருக்காக வேலூர்ப் பகுதியில் உருவாக்கப்பட்ட செருப்பின் வழிவந்ததே ஆகும்.

கைவைத்தியம்: ஏற்கத்தக்கது, தவிர்க்கத்தக்கது

கைவைத்தியத்தை முற்றாகப் பழிப்பது நம் நோக்கமன்று. நம் பாட்டிமார்கள் அறிவற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய மருந்துகள் யாவும் வலியை உணரும் கால்களுக்கென ஏற்பட்டவை. சுண்ணாம்பு அதிகமாகிவிட்டால் எரியும், எரிந்தால் கழுவிவிடுவோம். ஒத்தடம் சூடு மிகுந்தால் சுடும். சுட்டால் காலை இழுத்துக்கொள்வோம். உணர்ச்சியற்ற பாதத்தில் இந்த எச்சரிக்கை இல்லை. மருந்து மாறவில்லை, கால் மாறிவிட்டது.

உணவாகக் கொள்பவை ஒரு வகை. வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ, நாவற்கொட்டை, கருஞ்சீரகம் ஆகியவற்றைப் பலரும் உட்கொள்கின்றனர். இவற்றுள் சில சர்க்கரையை ஓரளவு குறைக்கக்கூடும். ஆனால் இவற்றை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது பெருந்தவறு. மாத்திரையோடு சேர்த்து அளவின்றி உட்கொண்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரவும் கூடும். ஆகையால் எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புண் இல்லாத வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது இரண்டாம் வகை. இது நல்ல பழக்கம். குதிகாலும் உள்ளங்காலும் வெடிக்காமல் காக்கும். ஆனால் விரல் இடுக்குகளில் தடவலாகாது. அங்கே ஈரமும் எண்ணெய்ப் பசையும் தங்கினால் சேற்றுப்புண் உண்டாகும்.

திறந்த புண்ணின்மீது இடுபவை மூன்றாம் வகை. இவற்றையே கைவிடவேண்டும் என்று வலியுறுத்துகிறோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று தோலைச் சுட்டுவிடும். முள் தைத்த இடத்திலும் கால் ஆணியிலும் விடப்படும் எருக்கம்பால் நல்ல சதையையும் அரிக்கும். காப்பித்தூள், சாம்பல், புகையிலை ஆகியவை கிருமிகளைப் புண்ணுக்குள் கொண்டு சேர்ப்பதோடு, புண்ணின் ஆழத்தை மருத்துவர் காண முடியாதபடி மூடிவிடும். தவிட்டு ஒத்தடம், செங்கல் ஒத்தடம், சுடச்சுடக் கிண்டி வைக்கும் களி, வெந்நீரில் காலை ஊறவைத்தல் ஆகிய எல்லாமே உணர்ச்சி குறைந்த காலில் தீக்காயத்தில் முடியும். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் இவ்வாறே ஆபத்தானவை; அந்தப் பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் உண்டு.

தேனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கடையில் வாங்கும் புட்டித்தேனை ஆழமான பாதப் புண்ணில் ஊற்றிக் கட்டுவது அந்த நம்பிக்கையின் பொருளாகாது. ஆய்வுகளில் பயன்படுத்தப்படும் தேன் கிருமி நீக்கம் செய்யப்பட்டது. நம் அலமாரியில் இருப்பது அத்தகையதன்று. நீரிழிவுப் பாதத்திற்கான சர்வதேச மருத்துவக் குழு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும், இத்தகைய புண்ணை ஆற்றுவதற்குத் தேனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறுகிறது. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் நமக்குப் போதிக்கப்பட்ட நெறியே அல்லவா?

புண் கண்டவுடன் செய்யவேண்டியவை

காலில் கொப்புளமோ, கீறலோ, இரத்தக் கறையோ கண்டவுடன் நடப்பதை நிறுத்தி அமர்ந்துவிட வேண்டும். கையைச் சோப்பினால் கழுவிக்கொண்டு, காய்ச்சி ஆறவைத்த நீரினாலோ தூய குழாய் நீரினாலோ புண்ணை மெதுவாகக் கழுவ வேண்டும். டெட்டாலைக் கலக்காமல் ஊற்றுவதும், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை விடுவதும் வேண்டாம். அவை ஆறிவரும் சதையையும் கெடுக்கும். மருந்துக் கடையில் உறையிட்டு விற்கும் கிருமி நீக்கிய காஸ் துணியால் மூடி, இறுக்காமல் கட்ட வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டலாகாது. அன்றே சர்க்கரையைச் சோதித்து, 24 மணி நேரத்திற்குள் மருத்துவரைக் காண வேண்டும். முள்ளோ ஆணியோ தைத்திருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்க வேண்டும். மருந்துக் கடையில் நாமே சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை மருத்துவருக்கு மாற்றாகாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கம், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், நடுக்கம், தோல் கறுத்துப்போதல், பாதம் சில்லிட்டுப்போதல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் மறுநாள்வரை காத்திருக்கலாகாது. அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். நீரிழிவு உள்ளோருக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் திடீரெனச் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குச் சுளுக்கெடுக்கப் போகாமல், காலை ஊன்றாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருத்துவம் பார்த்தும் புண் ஆறவில்லை என்று பலர் குறைப்படுவதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றே: புண்ணுள்ள காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பது. ஒவ்வோர் அடியும் உடலின் பாரத்தை அப்புண்ணின்மீது இறக்குகிறது. பாரத்தை இறக்கிவைக்காமல் எந்தக் களிம்பும் அதனை ஆற்றாது. இதற்காகவே மருத்துவர்கள் மாவுக்கட்டும் தனிக் காலணியும் பரிந்துரைக்கின்றனர். வலிக்கவில்லை என்பதால் அதனைக் கழற்றி வைத்துவிடலாகாது.

வருமுன் காத்தல்

பாதப் பாதுகாப்பு பலன் தருமா என்ற ஐயத்திற்கும் விடை நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னை இராயபுரத்திலுள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாதம் கெடும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்குப் பராமரிப்பைக் கற்பித்துத் தொடர்ந்து கவனித்தனர். அறிவுரையைப் பின்பற்றியோரில் நூற்றுக்கு 5 பேருக்கே புதிய தொல்லை வந்தது. பின்பற்றாதோரில் 26 பேருக்கு வந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டோர் முன்னவரில் 3 பேர், பின்னவரில் 14 பேர். விலையுயர்ந்த கருவி எதுவும் இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சொன்னதைக் கடைப்பிடித்ததே உண்டாக்கியது.

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதை இன்றிரவே வீட்டில் அறியலாம். நீரிழிவு உள்ளவரைப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் விரல் நுனியால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டதை உணர்ந்தவுடன் அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டிலோ அதற்கு மேலோ உணராவிட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துள்ளது என்று கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த எளிய சோதனை இது. அத்தாவின் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு மகனுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

நாம் நாள்தோறும் ஐவேளை உளூச் செய்கிறோம். காலைக் கழுவும்போதே காலைப் பார்த்துவிடவும் வாய்ப்புக் கிட்டியிருக்கிறது. உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய இயலாதவர் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கழுவியபின் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். ஐந்து முறை நனைந்து ஐந்து முறையும் ஈரமாக விடப்படும் இடுக்கில் சேற்றுப்புண் எளிதில் வரும். புண்ணில் நீர் படக்கூடாது என்று மருத்துவர் கூறியிருந்தால் அதற்குரிய சலுகைகள் மார்க்கத்தில் உள்ளன. மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் வேறுபாடு இருப்பதால் இமாம் அவர்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். கட்டை அவிழ்த்து நனைத்துத் தம்மை வருத்திக்கொள்வதைப் பேணுதல் என்று எண்ணவேண்டாம்.

வெறுங்காலால் நடப்பது, வீட்டினுள்ளும்கூட, வேண்டாம். சீமைக்கருவேல முள் இல்லாத கண்மாய்க்கரையோ மையவாடியோ நம் மாவட்டத்தில் அரிது. ஜனாஸாவுடன் செல்லும் நீரிழிவாளர் குதிகால் வார் உள்ள கெட்டியான காலணி அணிந்து செல்லட்டும். விரலிடையில் வார் உரசும் ரப்பர் செருப்பைத் தவிர்க்கவேண்டும். காலணியை மாலையில், பாதம் சற்றுப் பருத்திருக்கும்போது அளந்து வாங்க வேண்டும். அணியுமுன் உதறிப் பார்க்க வேண்டும். நகத்தை ஓரங்களில் ஆழ வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றை விட்டொழிக்க வேண்டும். அவை இரத்தக் குழாயை மேலும் சுருக்கும். உம்ரா, ஹஜ்ஜுக்குச் செல்வோர் புதிய செருப்புடன் புறப்படாமல் சில வாரங்கள் முன்பே பழக்கிக்கொள்ள வேண்டும். தவாபின்போது வெயிலில் காய்ந்த தரையில் உணர்ச்சியற்ற கால் வெந்துபோகக்கூடும் என்பதால் இரவு நேரத்தைத் தேர்ந்துகொள்வது நலம்.

தாமதத்தின் காரணங்கள்

இவை யாவும் தெரிந்தும் நாம் ஏன் தாமதிக்கிறோம்? நம் ஊர்களில் இரண்டு காரணங்களைக் காண்கிறோம். மகன் சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கிறான். ‘அவனிடம் கேட்டுப் பார்ப்போம், பணம் அனுப்பட்டும், விடுப்பில் வரட்டும்’ என்று வாரங்கள் கழிகின்றன. மகனுக்கு வருத்தம் வரக்கூடாது என்று தாய் புண்ணை மறைக்கிறாள். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளே, தொலைபேசியில் ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதோடு ‘காலைப் பார்த்தீர்களா’ என்றும் கேளுங்கள். காணொளியில் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றொன்று, பெண்களின் தயக்கம். ஆண் மருத்துவரிடம் காலைக் காட்டக் கூச்சப்பட்டு, கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று உழைக்கிறார்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ உள்ள இடத்தை அறிந்து அழைத்துச் செல்வது குடும்பத்து ஆண்களின் கடமை. அவ்வாறு கிடைக்காதபோது உடல் காக்கும் அவசியம் கூச்சத்திற்கு முந்தியது.

செலவைக் கருதித் தயங்கவும் காரணமில்லை. 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. அறந்தாங்கியில் அரசு மருத்துவமனை உண்டு. 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அண்டை மாவட்டமான தஞ்சாவூரில் முன்னோட்டம் பார்க்கப்பட்ட ‘பாதம் பாதுகாப்போம்’ என்னும் திட்டத்தையும் தமிழக அரசு அறிவித்துள்ளது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதப் பரிசோதனை பற்றிக் கேட்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்ளுங்கள்.

ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள்

இறுதியாக, நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஹவுளிலிருந்து தொழுமிடம் வரையுள்ள வெயில் படும் தளத்திற்குப் பாய் விரித்து, உளூச் செய்யுமிடத்தில் அமர்வதற்குச் சில இருக்கைகள் அமைத்தல் வேண்டும். கோடைக்கால லுஹரில் அந்தத் தளத்தின் சூட்டை நாம் துள்ளிக் கடக்கிறோம். உணர்ச்சியற்ற கால் கொண்டவர் நிதானமாக நடந்து செல்கிறார். இரண்டாவது, பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, வறிய நீரிழிவாளருக்கு எம்.சி.ஆர். காலணியும் காஸ் துணியும் வாங்கிக் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை பள்ளிவாசல் வளாகத்தில் மருத்துவரை அழைத்துப் பாதப் பரிசோதனை முகாம் நடத்துதல் வேண்டும். பெண்களுக்கு அது தனியே அமைய வேண்டும்.

அடுத்த ஆண்டறிக்கையில் ‘கால் அகற்றப்பட்டவருக்கு உதவி’ என்ற வரி இல்லாமலிருக்கவும், ‘காலணி வழங்கிய வகையில்’ என்ற வரி புதிதாகச் சேரவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக. இன்றிரவு உறங்குமுன் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள ஒரு மூத்தவரின் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.